புகார் இல்லாத வண்டி

நூலகத்தில் அவரைச் 'சரி சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு, அது சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும். இரவல் வாங்கிய புத்தகத்தைப் பாதி கிழித்துக்கொண்டு வந்து நீட்டுகிறவனிடமும் சரி என்பார்; அதற்காக அவரையே திட்டுகிற மேலதிகாரியிடமும் சரி என்பார். எதிராளி சொல்வது தப்பு என்று நன்றாகத் தெரிந்தாலும், முதலில் ஒரு சரியைச் சொல்லி வைத்துவிட்டு அப்புறம் நிதானமாக யோசிக்கலாம் என்பது அவர் வழக்கம். யோசித்து முடிப்பதற்குள் எதிராளி வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

அவர் மனைவிக்கு இந்த வியாதி கிடையாது. பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்தப் பஸ் எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதெல்லாம் ஊருக்கு அவள் குரலில்தான் தெரியும். 'மைக் அக்கா' என்று கண்டக்டர்கள் வைத்த பேர் வீடு வரைக்கும் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் வரவில்லையா, பக்கத்து வீட்டுக்காரன் குப்பையை இந்தப் பக்கம் தள்ளுகிறானா, அந்தக் குரல்தான் போய்ப் பேசிவிட்டு வரும். சரி சார் அவள் பின்னால் நின்று, மன்னிக்க வேண்டும் என்கிற முகத்தோடு சிரிப்பார்.

வண்டியும் அவள் பேரில்தான் இருந்தது. அவள் சம்பளத்தில் வாங்கி அவள் ஓட்டுகிற சின்ன கார். காலை ஷிப்டுக்கு நெடுஞ்சாலையில் லாரிகளோடு லாரியாகப் போக வேண்டும். ஒரு மழைநாள் காலையில், முன்னால் ஒரு லாரியும் பின்னால் ஒரு லாரியும் வந்துகொண்டிருந்தபோது, ஸ்டியரிங்குக்கு எதிரே இருக்கிற டேஷ்போர்டில் வேகம் காட்டும் முள் தொப்பென்று பூஜ்யத்தில் விழுந்தது. இருக்கிற எச்சரிக்கை விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. எப்படியோ ஓரம் கட்டினாள். யாருக்கும் எதற்கும் அசராதவள், அன்று வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

"கால் வைக்கிற இடத்துல ஈரமா இருக்குங்க," என்றாள். "முன்கண்ணாடி ஓரமா மழைத்தண்ணி உள்ள இறங்குது. அது எங்கயோ ஒயர்ல போய் உக்காந்திருக்கு. மழை விட்டா எல்லாம் சரியாயிடுது, மழை வந்தா போயிடுது. இப்ப எனக்கு லீவு கிடைக்காது, வண்டியை நீங்கதான் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகணும். இதைத்தான் அங்க சொல்லணும். நான் தினம் அந்த ரோட்டுல போறவ. நடு ரோட்டுல மறுபடியும் இப்படி ஆச்சுன்னா என்னை வழிச்சுத்தான் எடுத்துட்டு வரணும்."

"சரி."

"அங்க போயி எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டிட்டு வந்துடாதீங்க."

"சரி," என்றார்.

அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம் என்பது நாலு பக்கமும் கண்ணாடி வைத்த கட்டடம். உள்ளே போனதும் புது ரப்பர் வாசனையும், பல்லைக் கிட்டவைக்கும் ஏசியும். சுவரில் ஆள் உயர எழுத்தில் 'உங்கள் வண்டியின் குரலை நாங்கள் கேட்கிறோம்' என்று எழுதியிருந்தது. டை கட்டிய இளைஞன் ஒருவன் நெஞ்சில் கை வைத்து வரவேற்றான். அவனுக்கு ஆலோசகர் என்று பதவி.

"முன்கண்ணாடி ஓரமா ஈரம்..." என்று சரி சார் ஆரம்பித்தார்.

ஆலோசகர் உள்ளங்கையைக் காட்டித் தடுத்தான். "மன்னிக்கணும் சார். புகாரை நீங்க சொல்லக் கூடாது. வண்டிதான் சொல்லணும்."

சரி சார் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"மனுஷங்க உணர்ச்சிவசப்படுவாங்க சார். வண்டி பொய் சொல்லாது. டேஷ்போர்டுல என்ன விளக்கு எரியுதோ அதுதான் புகார். போன வருஷம் ஒருத்தர் போன் பண்ணி, வண்டி தீப்பிடிச்சு எரியுதுன்னார். நாங்க இங்கிருந்தே இணைப்பு போட்டுப் பார்த்தோம். தீ சம்பந்தமா வண்டியில ஒரு கோளாறும் பதிவாகலை."

"அப்புறம்?"

"பொறுமையா எடுத்துச் சொன்னோம். கொஞ்ச நேரத்துல வண்டியும் எரிஞ்சு முடிஞ்சுது, அவரும் அமைதியாயிட்டார்."

சரி சார் சரி என்றார். அவன் அடுத்து வண்டி யார் பேரில் என்று கேட்டான். மனைவி பேரில் என்றதும் அவன் முகத்தில் பக்தி வந்தது. உரிமையாளர் தன் சொந்தக் குரலில் சொன்னால்தான் வண்டியையே தொடுவார்களாம். கணவர், பிள்ளை, கூடப்பிறந்தவர் யார் சொன்னாலும் செல்லாது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. எழுத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாமே. குரல் ஒன்றுதான் சத்தியம் என்பது நிறுவனத்தின் கொள்கை.

பஸ் நிலையத்துக்குப் போன் போட்டார்கள். மைக் அக்கா இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவில் கிடைத்தாள். கண்ணாடி, மழை, ஈரம், ஒயர், லாரி என்று மூச்சுவிடாமல் சொன்னாள். ஆலோசகர் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு முழுசாகக் கேட்டான்.

"நன்றி மேடம்," என்றான். "உங்க குரல் ஏற்கப்பட்டது. நீங்க சொன்ன விஷயம் ஏற்கப்படலை."

வண்டி போய்ச் சேர்ந்த இடத்துக்குத் 'தொடர்புக் கோளாறு அறியும் பிரிவு' என்று பெயர். வாசலில் 'பேசாதீர்கள்' என்று பலகை. உள்ளே ஊழியர்கள் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் வாயால் பேசுவது அங்கே ஒழுங்கீனம். எதுவானாலும் திரையில் தட்டி அனுப்ப வேண்டும். அன்று அவர்களுடைய இணைப்பே வேலை செய்யவில்லை. பக்கத்து மேஜையில் கிடந்த திருப்புளி வேண்டும் என்று ஒருவன் காலையில் தட்டி அனுப்பியிருந்தான். அது போய்ச் சேரவில்லை. திருப்புளியையே பார்த்தபடி கைகட்டி உட்கார்ந்திருந்தான். திருப்புளிக்காரனும் இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரிவின் தலைவரை எல்லோரும் டாக்டர் என்றார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். கழுத்தில் ஒரு நீள ஒயரும் அதன் நுனியில் வண்டியில் செருகுகிற பிளக்கும் தொங்கின. பேசாதீர்கள் என்கிற விதி அவருக்கு மட்டும் கிடையாது என்பதால் நிறையப் பேசினார்.

"ஒரு வண்டிங்கறது கூட்டுக் குடும்பம் சார்," என்றார். "எஞ்சினுக்கு ஒரு பெட்டி, பிரேக்குக்கு ஒரு பெட்டி, கதவுக்கு ஒரு பெட்டின்னு உள்ள ஒரு பட்டாளமே இருக்கு. எல்லாரும் ஒரே ஒயர்லதான் டேஷ்போர்டுகிட்டப் பேசணும். டேஷ்போர்டு மாமியார் மாதிரி. நாத்தனாரும் ஓரகத்தியும் ஒரே நேரத்துல கத்தினா மாமியாருக்குத் தலை சுத்தும். விளக்கெல்லாம் எரியும், முள்ளெல்லாம் விழும். அதுதான் தொடர்புக் கோளாறு."

ஸ்டியரிங்குக்குக் கீழே பிளக்கைச் செருக டாக்டர் முழங்காலைத் தரையில் ஊன்றினார். சதக் என்றது. பேன்ட் முழங்கால்வரை நனைந்தது. அவர் குனிந்து, ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். மேலே கண்ணாடி விளிம்பிலிருந்து ஒரு சொட்டு புறப்பட்டு, ஒயர்க்கொத்தின் மேல் ஊர்ந்து, அவர் கண்ணெதிரே கீழே விழுந்தது. நல்லவேளை, அவரே பார்த்துவிட்டார் என்று சரி சார் நினைத்தார். டாக்டர் நிமிர்ந்து ஊழியனைப் பார்த்துச் சைகை காட்டினார். அவன் தடிமனான ரப்பர் விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்தான். ஈரத்தின் மேல் அதைப் போட்டு, அதன் மேல் முழங்காலை வைத்துக்கொண்டு டாக்டர் வேலையைத் தொடர்ந்தார்.

"சார், அந்த ஈரம்..." என்றார் சரி சார், முடிந்தவரை மெதுவாக.

"ஈரம் என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலை."

"அதான்," என்றார் டாக்டர்.

அவருடைய வைத்திய முறை எளிமையானது. கத்துவது யார் என்று தெரியாத வீட்டில் ஒவ்வொருவராக வெளியே அனுப்பிப் பார்ப்பது. யார் போனதும் வீடு அமைதியாகிறதோ அவர்தான் குற்றவாளி. அமைதியாகவில்லை என்றால் போனவர் போனதுதான், அடுத்தவரைப் பார்க்க வேண்டும். முதல் நாள் பின்பக்கம் இடிக்காமல் இருக்க எச்சரிக்கிற பெட்டியைக் கழற்றினார்கள். டேஷ்போர்டில் ஒரு விளக்கு அணைந்தது. ஒரு மணி அடித்தது. ஊழியர்கள் எல்லோரும் எழுந்து சத்தம் வராமல் கைதட்டினார்கள். ஆலோசகர் சின்ன மைக் ஒன்றை நீட்டினான்.

"உரிமையாளர் சார்பா ஒரு 'சரி' மட்டும் சொல்லுங்க சார். புகாருக்குத்தான் உரிமையாளர் குரல் வேணும். சம்மதத்துக்கு யார் குரலானாலும் போதும்."

இந்த ஒரு வேலைக்கென்றே பிறந்தவரைப் போல் சரி சார் சொன்னார். அப்படி ஒரு தெளிவான சரியைத் தன் பணிக்காலத்தில் கேட்டதில்லை என்று ஆலோசகர் பாராட்டினான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்தடுத்த நாட்களில் கதவு சரியாக மூடாவிட்டால் சொல்லும் பெட்டி போயிற்று. எஞ்சின் சூடேறினால் சொல்லும் பெட்டி போயிற்று. சீட் பெல்ட் போடாவிட்டால் கூவும் பெட்டியைக் கழற்றியபோது, "இது ரொம்ப வாய்," என்றார் டாக்டர். கழற்றினால் மட்டும் போதாது. 'எங்கே அந்தப் பெட்டி?' என்று கேட்டு டேஷ்போர்டு இன்னொரு விளக்கை ஏற்றும். அதனால் அப்படி ஒரு ஆள் இந்த வீட்டில் பிறக்கவே இல்லை என்று கணினி மூலம் டேஷ்போர்டுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அது நல்ல பிள்ளையாக மறந்துவிட்டது. அப்படியும் மழை வந்தால் முள் விழுந்தது. மிச்சமிருந்த விளக்குகள் எரிந்தன.

மைக் அக்கா அதுவரை யார் யார் வண்டியிலோ தொற்றிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். ஒருநாள் பொறுமை போய், லீவு போட்டுவிட்டுக் கணவரைக் கூட்டிக்கொண்டு நேரே மையத்துக்கு வந்தாள்.

"தண்ணி இறங்குதுன்னு சொன்னேனே, கண்ணாடியைக் கழட்டிப் பார்த்தீங்களா?" என்றாள் வாசலிலேயே. பேசாதீர்கள் பலகை லேசாக ஆடியது. திருப்புளிக்காகக் காத்திருந்தவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"கண்ணாடியில தொடர்புப் பெட்டி கிடையாது மேடம்," என்றார் டாக்டர். "அது எங்க பிரிவுல வராது."

"ஒயர் நனையுதுங்க."

"ஒயர் நனைஞ்சா வண்டிக்குத் தெரியும். அது எங்ககிட்டச் சொல்லும்."

"அதான் சொல்லுதே. ஒவ்வொரு மழைக்கும் விளக்கு விளக்காப் போட்டுக் கதறுதே. அது சொல்லச் சொல்ல, ஒண்ணொண்ணா நாக்கைத்தானே அறுத்துட்டு வர்றீங்க?" என்றவள் கணவர் பக்கம் திரும்பினாள். "இதெல்லாம் கழட்டுனப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

சரி சார் பேசாதீர்கள் பலகையைக் கைகாட்டினார்.

சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். அவர் கோபப்படவில்லை. கோபமே வராத அளவுக்கு அவரைப் பயிற்சி கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். மைக் அக்காவைக் காபி சாப்பிட அழைத்துப்போய் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சோபாவில் உட்கார வைத்தார். இந்தப் பக்கம் வந்து கதவைச் சாத்தித் தாழிட்டார். நல்ல கண்ணாடி, துளிச் சத்தம் வராது. அவள் எழுந்து நின்று பேசுவது மட்டும் தெரிந்தது. வாய் அசைந்தது.

"அங்க பாருங்க சார், எவ்வளவு அமைதி," என்றார் மேலாளர். "உங்க மனைவி பேசறதை நிறுத்தலை. ஆனா நமக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. எங்க நிறுவனத்தோட வளர்ச்சிக்கே இதுதான் காரணம். முன்னாடி இங்க புகார் வாங்கறதுக்குன்னு ஒரு பொண்ணு இருந்தா. நல்லா சிரிச்ச முகமா கேட்பா. அவ கேட்கக் கேட்க ஜனங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க. புகார் பெருகிப் போச்சு. யோசிச்சுப் பார்த்தோம், கோளாறு எங்கன்னு புரிஞ்சுது. அவளை வேலையிலேர்ந்து எடுத்தோம். அந்த மாசத்துலேர்ந்து ஒரு புகார்கூட இல்லை. தலைமை அலுவலகத்துல எழுந்து நின்னு கைதட்டினாங்க. அப்புறம் ஒரு மெக்கானிக், அதைச் செய்யணும் இதைச் செய்யணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அவனையும் எடுத்தோம். இப்ப செய்ய வேண்டியது ஒண்ணுமே இல்லை. எங்க வாடிக்கையாளர்கள் சந்தோஷமா இருக்காங்களான்னு கேட்டா, இல்லைன்னு யாரும் எங்ககிட்டச் சொன்னதில்லை சார்."

"சரி," என்றார் சரி சார்.

"இன்னும் ரெண்டே பெட்டிதான் பாக்கி," என்றார் டாக்டர். "முதல் பெட்டி, ஈர ரோட்டுல பிரேக் போட்டா சக்கரம் வழுக்காம பார்த்துக்கறது. மேடம் நல்லா ஓட்டறவங்கதானே?"

"ரொம்ப நல்லா ஓட்டுவா."

"அப்புறம் அவங்க பிரேக் போடறப்ப இவன் எதுக்கு நடுவுல மூக்கை நுழைக்கணும்? ரெண்டாவது, ஏர்பேக். எங்கயாவது மோதினா ஸ்டியரிங்லேர்ந்து ஒரு பை ஊதிக்கிட்டு வந்து முகத்தைத் தாங்கும். வண்டி வாங்கின நாள்லேர்ந்து இந்தப் பை உங்களுக்கு ஒரு தடவையாவது உபயோகப்பட்டிருக்கா?"

"இல்லை."

"உக்காந்து தின்னுருக்கான் சார். இத்தனை வருஷமா ஒரு வேலை செய்யாம, மத்தவங்களோட சேர்ந்து ஒயர்ல மட்டும் பேசிக்கிட்டு."

சரி சார் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். மனைவி இரண்டு கைகளையும் கண்ணாடியில் வைத்து நின்றாள். இவர்கள் வண்டியைக் காட்டிப் பேசுவதை வைத்தே என்ன நடக்கிறது என்று ஊகித்துவிட்டாள். தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். வேண்டாம் என்று விரலை அசைத்தாள். அவள் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார், வாழ்நாள் முழுக்கக் கேட்டவர்தான். ஆனால் சத்தம் இல்லாமல் அவள் சொல்வது ஏதோ தூரத்துச் சமாசாரம் மாதிரி இருந்தது. மைக் மூக்குக்குக் கீழே நின்றது. ஆலோசகர் புன்னகைத்தான். இவ்வளவு பேர் காத்திருக்கும்போது எப்படி மறுப்பது?

"சரி," என்றார்.

கழற்றினார்கள். டேஷ்போர்டுக்கு எல்லாவற்றையும் மறக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மணி அடித்தது. அன்றைக்குப் பார்த்து மழையும் விட்டிருந்தது. டேஷ்போர்டு கழுவி வைத்த தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. ஒரு விளக்கு, ஒரு குறை, ஒரு முனகல் இல்லை. வண்டிக்கு ரிப்பன் கட்டி, கணவனையும் மனைவியையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். படத்தில் சரி சார் சிரிக்கிறார். மைக் அக்கா படமெடுப்பவனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"உள்ள என்ன பண்ணினாங்க? தண்ணியை அடைச்சாங்களா?" என்று வழியெல்லாம் கேட்டாள்.

"டேஷ்போர்டுல இனிமே ஒண்ணுமே வராதுன்னாங்க."

"அதைக் கேட்கலை. கடைசியா எதைக் கழட்டினாங்க?"

"ஏதோ ரெண்டு பெட்டி. உபயோகமே இல்லாததாம்," என்றார். பேர் சொன்னால் சத்தம் போடுவாள் என்று பயம். வீட்டில் அமைதி வேண்டும் என்று அவருக்கும்தான் ஆசை.

அவள் அவரை நம்பவில்லை. ஆனால் கண்ணெதிரே டேஷ்போர்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. எத்தனை நாள்தான் மனுஷி எல்லாரோடும் மல்லுக்கு நிற்பாள்? வேலைக்கு நேரத்தில் போக வேண்டும், ஒரு வாரமாவது நிம்மதியாகப் போக வேண்டும் என்று அவளுக்கும் இருந்தது. வெயில் இருந்த வரைக்கும் ஒரு குறையும் இல்லாமல் ஓட்டினாள். "பரவாயில்லைங்க, ஏதோ பண்ணித்தான் இருக்காங்க," என்று ஒருநாள் சொல்லக்கூடச் சொன்னாள்.

பிறகு மழை வந்தது. நெடுஞ்சாலையில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. அவள் நேரத்துக்குத்தான் பிரேக் போட்டாள். சக்கரங்கள் இறுகிப்போய், வண்டி ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போய் லாரியின் முதுகில் மோதியது. பை வரவில்லை. ஸ்டியரிங் வந்தது. அவள் தாடை மூன்று துண்டாக உடைந்தது.

ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். சாப்பாடு உறிஞ்சு குழாயில். கையில் ஊசி மருந்து ஏறுகிறது, வீக்கம் தொண்டை வரைக்கும் இறங்கியிருக்கிறது, ஒரு முனகல்கூட வெளியே வராது. உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். பேச்சும் வரும், மெல்ல வரும், ஆனால் மைக்கில் பேசுகிற பழைய குரலை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம் என்றார்கள். அவள் அதைக் கண்ணை மூடாமல் கேட்டாள். பஸ் நிலையத்தில் அதற்குள் ஒரு மெஷின் குரலைப் போட்டுவிட்டார்கள். பயணிகள் யாரும் எதுவும் கேட்கவில்லையாம்.

சரி சார் வராந்தா ஓரத்தில் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு புகார் சொல்வதற்காக மையத்துக்குப் போனார்.

மேலாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். எல்லோருமாகக் கொல்லைப்புறத்துக்குப் போனார்கள். விபத்து நடந்த இடத்திலிருந்து இழுத்துவந்து போட்டிருந்த வண்டியின் முகம் சப்பையாகிக் கிடந்தது. ஸ்டியரிங்கில் ரத்தம் காய்ந்திருந்தது. கால் வைக்கும் இடத்தில் இன்னமும் ரப்பர் விரிப்பு கிடந்தது, அதன் மேல் தண்ணீர் தேங்கியிருந்தது. டாக்டர் உள்ளே எட்டிச் சாவியைத் திருப்பினார். டேஷ்போர்டு பளிச்சென்று எரிந்தது. ஒரு விளக்கு, ஒரு குறை இல்லை.

"அம்மாடி," என்றார் டாக்டர், குரல் தழுதழுக்க. "இப்படி ஒரு மோதல். இதுக்கப்புறமும் ஒரு புகார் இல்லை. என் சர்வீஸ்ல இப்படி ஒரு தொடர்பை நான் பார்த்ததில்லை."

மேலாளர் அந்த விளக்கில்லாத டேஷ்போர்டைப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டுமாம்.

"ஏர்பேக்கைக் கழட்டினீங்க," என்றார் சரி சார். "அதனாலதான் அவ தாடை போச்சு. நான் புகார் கொடுக்க வந்திருக்கேன்."

"இந்த வண்டியில ஏர்பேக் இருந்ததா வண்டியே சொல்லலையே சார்," என்றார் மேலாளர். "சரி, நீங்க சொல்றீங்க, நாங்க மதிக்கறோம். ஆனா புகாரை உரிமையாளர்தான் தன் குரல்ல சொல்லணும். உங்களுக்கே தெரியும். அவங்களை அலைய விட மாட்டோம், நாங்களே போன் பண்ணறோம். அவங்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், இந்தப் பிரிவையே இழுத்து மூடறேன்."

"அவளால பேச முடியாதுங்க. வாயைக் கட்டியிருக்காங்க."

"அவசரமே இல்லை சார். நாளைக்குப் பண்ணறோம்," என்றார் மேலாளர்.

மறுநாள் மதியம் போன் வந்தது. சரி சார் போனை ஸ்பீக்கரில் போட்டு, மனைவியின் தலையணைமேல் வைத்தார். ஆலோசகரின் குரல் அதே பணிவோடு அறை முழுக்க ஒலித்தது.

"வணக்கம் மேடம். சேவை மையத்துலேர்ந்து பேசறேன். உங்க வண்டி சம்பந்தமா ஏதாவது புகார் இருந்தா இப்ப சொல்லலாம். நீங்க எதுவும் சொல்லலைன்னா முழுத் திருப்தின்னு எடுத்துக்குவோம். சொல்லுங்க மேடம்."

அவள் கண்கள் விரிந்தன. கழுத்து நரம்புகள் புடைத்தன. கம்பிக்குப் பின்னால் என்னவெல்லாமோ வந்து முட்டியது தெரிந்தது. வெளியே ஒன்றும் வரவில்லை.

"அவளால பேச முடியலைங்க, அவ இங்கதான் இருக்கா," என்றார் சரி சார்.

"சார், நீங்க பேசினா செல்லாது. மேடம் மட்டும்."

அவள் ஊசி குத்தாத கையை நீட்டிப் பக்கத்து மேஜையில் துழாவினாள். மருந்து கலக்குகிற எவர்சில்வர் கரண்டி அகப்பட்டது. கட்டிலின் இரும்புக் கம்பியில் ஓங்கி அடித்தாள். டங். மறுபடியும் அடித்தாள். ஒரு ஊரையே பஸ் ஏற்றி இறக்கிய அத்தனை பலத்தையும் அந்தக் கைக்குக் கொண்டுவந்து அடித்தாள். வாசலில் ஒரு நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாள். டங், டங், டங்.

"சார், பின்னாடி ஏதோ சத்தம் வருது," என்றான் ஆலோசகர். "மேடம் பேசறது எனக்குக் கேட்கலை. அந்தச் சத்தம் எங்கேருந்து வருதோ அதைக் கொஞ்சம் எடுத்துடுங்க. சத்தம் நின்னாத்தான் அவங்க புகாரை நான் பதிவு பண்ண முடியும்."

புகாரைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குத்தானே அவர் முதல்முறையாக நிமிர்ந்து போய்ப் பேசிவிட்டு வந்தார். பதறிப்போய் மனைவியின் பக்கம் குனிந்தார். அவள் விரல்கள் கரண்டியை இறுக்கிப் பிடித்திருந்தன. தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள்.

"சரி," என்று போனிடம் சொன்னார். "ஒரு நிமிஷம் விடும்மா, அவங்க கேட்கறாங்க," என்று அவளிடம் கெஞ்சினார். விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்தார்.

அறை அமைதியானது. ஆலோசகர் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தான். அந்தப் பக்கம் எங்கோ ஒரு மணி அடித்தது.

"ரொம்ப நன்றி மேடம்," என்றான். "புகார் இல்லைன்னு பதிவு பண்ணிட்டேன்."

போன் அணைந்தது. மைக் அக்கா கணவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் கையைப் பார்த்தார். அதில் கரண்டி இருந்தது.